இறுக்கவா... தளர்த்தவா?

ஒரு வீடு. அதில் ஒரு மாமியார், ஒரு மருமகள். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு ரகசியம்.

மாமியாருக்கு அறுபது வயசு. தும்மினால், இருமினால், கொஞ்சம் பலமாகச் சிரித்தால்கூட சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்துவிடுகிறது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கோயிலுக்குக் கிளம்பினாலும், 'சுத்தமா இல்லையே' என்று மனசு உறுத்த, பாதியிலேயே திரும்பிவிடுகிறார். யாராவது கேட்டால், "முட்டி வலிம்மா... முன்ன மாதிரி நடக்க முடியலே" என்று ஒரு சாக்கு!

மருமகளுக்கு இருபத்தெட்டு. குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பிரசவத்தின்போது போட்ட தையல் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால், அடிவயிற்றில் யாரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு வலி. ஆபீஸ் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வால் எலும்புப் பக்கம் குடைச்சல். இரவில் கணவர் நெருங்கினாலே பயம். "தலை வலிக்குது" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ஒரு தோழி யோசனை சொன்னாள்: "குழந்தை பெத்தவங்க கீழே இருக்கிற தசையை இறுக்கி இறுக்கி விடணும்டி. எல்லாம் சரியாயிடும்." இவளும் மூன்று மாதமாகச் சிரத்தையாகச் செய்கிறாள். வலி கூடியதே தவிர, குறையவில்லை.

இந்த மாமியாரும் மருமகளும் நம் கற்பனைதான். ஆனால், இப்படிப்பட்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஏன், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். விசித்திரம் என்னவென்றால், இருவருக்கும் தொல்லை கொடுப்பது ஒரே தசைதான். ஒருவருக்கு அது தளர்ந்துபோயிருக்கிறது. இன்னொருவருக்கு அது இறுகிப்போயிருக்கிறது. தளர்ந்ததை இறுக்க வேண்டும். இறுகியதைத் தளர்த்த வேண்டும். இதை மாற்றிச் செய்தால்? மருமகளுக்கு நடந்ததுதான் நடக்கும்!

அதனால்தான், "எனக்கு இறுக்க வேண்டுமா, தளர்த்த வேண்டுமா?" என்ற கேள்விக்கு முதலில் பதில் தெரிய வேண்டும் என்கிறோம்.

இடுப்புக்குள் ஒரு தூளி

குழந்தையைத் தூங்கவைக்கப் புடவையில் தூளி கட்டுகிறோம் அல்லவா? அதே போன்ற ஒரு தூளி உங்கள் இடுப்பெலும்புக்குள் இருக்கிறது. முன்பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே கையால் தொட்டால் தட்டுப்படுகிற எலும்பிலிருந்து, பின்பக்கம் வால் எலும்பு வரை, பக்கவாட்டிலும் விரிந்து கட்டப்பட்ட தசைத் தூளி. இதற்குத்தான் இடுப்புத்தளத் தசைகள் என்று பெயர். டாக்டர்கள் 'பெல்விக் ஃப்ளோர்' என்பார்கள்.

இந்தத் தூளிக்குள் படுத்திருப்பது மூன்று பேர். முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல். மூன்றுக்கும் வெளியே போகிற பாதைகள் இந்தத் தசையின் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் இறங்குகின்றன.

இதற்கு மூன்று வேலைகள். ஒன்று, தாங்குவது. இரண்டு, வேண்டாத நேரத்தில் வாசலை மூடிவைப்பது. மூன்று, வேண்டிய நேரத்தில் விட்டுக்கொடுப்பது. சிறுநீர் கழிக்க, மலம் கழிக்க, தாம்பத்திய உறவுக்கு, பிரசவத்துக்கு... எல்லாவற்றுக்குமே இந்தத் தசை விட்டுக்கொடுத்தாக வேண்டும். மூன்றாவது வேலையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 'இறுக்கமாக இருந்தால் நல்லது' என்று நினைத்துக்கொள்கிறோம்.

மூச்சோடும் இதற்குச் சம்பந்தம் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் கீழே இறங்குகிறது. அதோடு சேர்ந்து இந்தத் தூளியும் லேசாக இறங்குகிறது. மூச்சை விடும்போது இரண்டும் மேலே ஏறுகின்றன. இந்தச் சங்கதி பின்னால் பயிற்சி செய்யும்போது உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தளர்ந்துபோனால்...

சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசை எவ்வளவு விரிகிறது தெரியுமா? உட்புற இழைகள் சில, தங்கள் வழக்கமான நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீள வேண்டியிருக்கும் என்று கம்ப்யூட்டர் மாதிரி மூலம் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிலருக்குக் கிழிசலும் நரம்புப் பாதிப்பும் மிச்சம் இருந்துவிடும்.

அதோடு வருஷக்கணக்கில் விடாத இருமல், மலச்சிக்கலால் தினமும் முக்குவது, உடல் பருமன், நாள் முழுக்கப் பாரம் தூக்குவது, மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவது... எல்லாம் சேர்ந்து தூளியைத் தொய்யவைக்கின்றன. விளைவு: இருமினால் கசிவு. காற்றை அடக்க முடியாமை. கீழே ஏதோ இறங்கி நிற்கிற உணர்வு.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்கப் பெண்கள் நல மருத்துவர் ஆர்னால்டு கெகல். பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்த இந்தத் தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம் என்று 1948-ல் எழுதினார். பெண் எவ்வளவு பலமாக இறுக்குகிறாள் என்பதை அளந்து காட்டும் ஒரு சிறிய கருவியையும் உருவாக்கினார். 'கெகல் எக்ஸர்ஸைஸ்' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது இவர் பெயரால் வந்ததுதான்.

பலன் உண்டா? நிச்சயமாக! மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் 'காக்ரேன்' என்ற சர்வதேச அமைப்பு, 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 14 நாடுகளைச் சேர்ந்த 1,817 பெண்கள் இந்த ஆய்வுகளில் பங்கெடுத்திருந்தார்கள். இருமல், தும்மலில் கசிவு உள்ளவர்களில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவிகிதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவிகிதம்தான்.

இறுகிப்போனால்...

இப்போது ஒரு சின்னச் சோதனை. உங்கள் வலது கையை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு நிமிஷம் வைத்திருங்கள். விரல்கள் கடுக்கின்றனவா? அந்த மூடிய கையாலேயே ஒரு டம்ளரைப் பிடிக்கப் பாருங்கள். முடியாது! பிடிக்க வேண்டுமென்றால் முதலில் கை திறக்க வேண்டும்.

இறுகிப்போன இடுப்புத்தளத் தசையின் கதையும் இதுதான். எப்போதும் சுருங்கியே இருப்பதால் அது களைத்துப்போகிறது, வலிக்கிறது. இருமல் வருகிற நேரத்தில் மேற்கொண்டு சுருங்க அதற்கு இடம் இல்லை. அதனால், இறுகிய தசை உள்ளவர்களுக்கும் சில சமயம் கசிவு வரும். 'கசிகிறது, அதனால் தளர்ந்துவிட்டது' என்று நாமாக முடிவு கட்ட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

எதனால் இறுகுகிறது? நன்றாக யோசித்துப் பாருங்கள். ஸ்கூலில் பாத்ரூம் சுத்தமாக இல்லை என்று காலை முதல் மாலை வரை அடக்கிய நாட்கள் எத்தனை? பஸ் பயணத்தில், ஆபீஸில், கடையில் நின்றபடி வேலை செய்யும்போது அடக்கியது எத்தனை? இந்தப் பழக்கம் தசையை எப்போதும் இறுக்கியே வைக்கச் சொல்லிக்கொடுத்துவிடும். வால் எலும்பு அடிபடும்படி விழுந்தது, பிரசவத் தையலின் தழும்பு, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, ஓயாத டென்ஷன், தாம்பத்திய உறவைப் பற்றிய பயம் இவையும் காரணமாகலாம். வலிக்குப் பயந்து தசை இறுகும். இறுகியதால் மேலும் வலிக்கும். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம்!

அறிகுறிகள்: உறவின்போது வலி. உட்கார்ந்தால் வால் எலும்பில் வலி. சிறுநீர் வர நேரமாவது, போய் வந்தபிறகும் முழுசாகப் போகாத உணர்வு, பரிசோதனையில் தொற்று இல்லாமலே அடிக்கடி அவசரம். முக்கினாலும் மலம் எளிதில் வராமல் திணறுவது.

இதைக் கவனித்தவரும் ஓர் அமெரிக்க டாக்டர்தான். பெயர் ஜார்ஜ் தீலி. வால் எலும்பு வலி என்று வருகிற பலருக்கு எலும்பில் கோளாறு இல்லை, அதைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள்தான் விறைத்துப்போயிருக்கின்றன என்று 1937-ல் எழுதினார். உள்ளே விரல் வைத்து அந்தத் தசையை நீவித் தளர்த்தினார். அவர் பெயரிலேயே அந்த முறை இன்றும் வழங்குகிறது.

பார்த்தீர்களா? 1937-ல் ஒருவர் தளர்த்தச் சொன்னார். 1948-ல் ஒருவர் இறுக்கச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்... அவரவர் நோயாளிக்கு!

கையால் என்ன செய்கிறார்கள்?

'கை வைத்தியம்' என்றதும் சுக்குக் கஷாயமும் ஓமத் தண்ணீரும் ஞாபகம் வரும். நாம் இங்கே பேசுவது நிஜமாகவே கையால் செய்கிற சிகிச்சை. பெண்கள் நல மருத்துவர் பரிசோதித்த பிறகு, இந்தத் துறையில் தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இதைச் செய்வார்.

கையின் முதல் வேலை, கண்டுபிடிப்பது. கையுறை போட்ட ஒரு விரலால் பெண்ணுறுப்பின் உட்சுவர் வழியாகத் தசையைத் தொட்டுப் பார்ப்பார். எங்கே வலிக்கிறது, எங்கே கயிறு மாதிரி முறுக்கேறியிருக்கிறது, எங்கே தழும்பு இழுக்கிறது என்று தெரியும். "இறுக்குங்க... இப்ப விடுங்க" என்பார். இறுக்குவதன் பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் உண்டு. பலத்தைப் போலவே, 'விடுங்க' என்றதும் முழுசாக விடுகிறதா என்பதும் முக்கியம்.

இரண்டாவது வேலை, கற்றுக்கொடுப்பது. "கெகல்தானே... எனக்குத் தெரியும்" என்கிறீர்களா? 1991-ல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாக மட்டும் இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, உடனே செய்யவைத்து அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை, 23 பேர்தான். 12 பேர் உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கசிவை இன்னும் கூட்டக்கூடிய விதத்தில் செய்தார்கள்! விரல் வைத்துச் சரிபார்க்கும்போது இந்தத் தப்பு உடனே பிடிபட்டுவிடும்.

மூன்றாவது வேலை, தளர்த்துவது. வயிறு, உள்தொடை, பிட்டம், தையல் தழும்பு இவற்றை வெளியிலிருந்து மெதுவாக நீவிக்கொடுப்பார். உள்ளே வலி முடிச்சு உள்ள இடத்தில் விரலால் இதமாக அழுத்தி, தசை தானாக இளகும்வரை காத்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிற சமாசாரமே இல்லை. வலி தாங்காமல் நீங்கள் இறுக்கிக்கொண்டால் சிகிச்சையின் நோக்கமே கெட்டுவிடும்.

இதற்கு ஆதாரம் உண்டா? 2012-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். சிறுநீர்ப்பை வலியும் இடுப்புத்தளத் தசை வலியும் சேர்ந்திருந்த 81 பெண்களை வட அமெரிக்காவில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தும் கைச் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு உடம்பு முழுக்கச் சாதாரண மசாஜ். இரண்டுக்கும் தடவைக்கு ஒரு மணி நேரம், அதிகபட்சம் பத்து தடவை. முடிவில், நன்றாகத் தேறியிருக்கிறது என்று சொன்னவர்கள் முதல் குழுவில் 59 சதவிகிதம், இரண்டாவது குழுவில் 26 சதவிகிதம். 'மசாஜ்தானே, எங்கே செய்தால் என்ன?' என்பவர்களுக்கு இதுவே பதில்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுவோம். வலி, அவசரம் போன்றவற்றைத் தனித்தனியாக அளந்தபோது இரண்டு குழுவிலும் குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதல் குழுவிலும் பத்தில் நாலு பேருக்கு நல்ல பலன் என்று சொல்ல முடியவில்லை. எனவே, இது ஒரு நல்ல வழி. மந்திரக்கோல் என்று நினைத்துவிடாதீர்கள்.

கையால் ஆகாதது

தளர்ந்த தசைக்கு நீவிவிட்டுப் பலம் ஏற்ற முடியாது. பலம் வேண்டுமென்றால் அந்தத் தசை தானே உழைக்க வேண்டும். நமக்காக வேறு யாரும் தண்டால் எடுக்க முடியுமா என்ன?

அதே போல, இறங்கிய கர்ப்பப்பையை 'தடவி ஏற்றிவிடுகிறேன்' என்பவர்களிடம் போகாதீர்கள். 19-ம் நூற்றாண்டில் ஸ்வீடன் நாட்டு ராணுவ அதிகாரி தூரே பிராண்ட் என்பவர் இப்படிக் கர்ப்பப்பையைக் கையால் தூக்கி நீவும் ஒரு முறையைப் பரப்பினார். ஐரோப்பாவில் சில காலம் பெரிய பேர். பிறகு மங்கிவிட்டது. இன்று, இறக்கத்தின் அளவைப் பார்த்து பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், ஆபரேஷன் என்று டாக்டர் வழி சொல்வார்.

பிள்ளை பெற்ற வீட்டில்...

பிரசவித்தவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் வழக்கம். கை, கால், முதுகுக்கு இதமாகத் தேய்த்துவிட்டால் உடம்புவலிக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால், வயிற்றை அழுத்திப் பிசையாதீர்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு, டாக்டர் அனுமதிக்கும்வரை வயிற்றுப் பக்கமே போக வேண்டாம். 'வயிறு உள்ளே போகணும்' என்று துணியை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால், உள்ளே உள்ள அழுத்தம் கீழே, ஏற்கெனவே களைத்திருக்கிற தூளியின் மேல்தான் இறங்கும்.

பிரான்ஸ் நாட்டில் பிரசவித்த பெண்ணுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்து, இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சியும் சிகிச்சையும் சாதாரணமாகத் தரப்படுகின்றன. செலவை அரசுக் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. அங்கே இது வெட்கப்படுகிற விஷயமே இல்லை!

பிரசவத்துக்கு முன்னாலும் கையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 34, 35-வது வாரத்திலிருந்து, பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள பகுதியை எண்ணெய் தடவி மெதுவாக நீவி விரித்துப் பழக்குவது. 2,497 பெண்கள் பங்கெடுத்த நான்கு ஆய்வுகளை காக்ரேன் பரிசீலித்தபோது, தலைப்பிரசவக்காரர்களுக்குத் தையல் போடும்படியான கிழிசல் ஓரளவு குறைந்தது தெரிந்தது. உங்களுக்கு இது சரிப்படுமா என்று பிரசவம் பார்க்கும் டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

தளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால்:

● நாலு பேர் மத்தியில் காற்று பிரியாமல் அடக்குவது போலப் பின்னாலிருந்து ஆரம்பித்து, சிறுநீரை நிறுத்துவது போல முன்னால்வரை உள்ளே, மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிட்டம் எதுவும் விறைக்கக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. மூச்சை விட்டபடியே இழுப்பது சுலபம்.

● சில விநாடிகள் பிடித்து, முழுசாக விட்டுவிடுங்கள். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு முறையாவது, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டி சொல்கிற கணக்கு இது. இரண்டு வாரத்தில் 'ஒண்ணும் தெரியலையே' என்று விட்டுவிடாதீர்கள்.

● தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளுங்கள். 1998-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் லேசான, நடுத்தரக் கசிவு உள்ள வயதான பெண்கள் 27 பேருக்கு இந்த ஒரு தந்திரத்தை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில், நடுத்தரமான இருமலின்போது கசிவு 98 சதவிகிதமும் பலமான இருமலின்போது 73 சதவிகிதமும் குறைந்தது!

● சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகலாம்.

இறுகியிருக்கிறது என்று சொல்லியிருந்தால், இறுக்குகிற பயிற்சியை இப்போதைக்கு நிறுத்துங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, வயிற்றில் கை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது வயிறு உயரட்டும், கீழே தூளி இளகி இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஐந்து, பத்து நிமிஷம். பொறுக்கக்கூடிய வெந்நீரை அகலமான டப்பில் ஊற்றி இடுப்புவரை உட்கார்ந்தால் இதமாக இருக்கும். டாய்லெட்டில் அவசரப்பட்டு முக்காதீர்கள். சிறுநீரை மணிக்கணக்கில் அடக்காதீர்கள்.

அறைக்குள் போகும் முன்...

முதலில் டாக்டர், பிறகுதான் கைச் சிகிச்சை. தொற்று, கல், கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்தபின்தான் தசையைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் தாமதிக்காதீர்கள். திடீரென்று சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உள்தொடையும் பிறப்புறுப்பைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது அவசர கேஸ்.

உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. "எனக்குப் பெண் பிசியோதெரபிஸ்ட்தான் வேண்டும்" என்று கேட்கலாம். அம்மாவையோ அக்காவையோ கணவரையோ கூட வைத்துக்கொள்ளலாம். என்ன செய்யப்போகிறார், ஏன் செய்கிறார் என்று ஆரம்பிக்கும் முன்பே சொல்லச் சொல்லலாம். பாதியில் "போதும்" என்றால் அவர் அந்த நிமிஷமே கையை எடுக்க வேண்டும். எல்லா பிசியோதெரபிஸ்ட்டும் இதில் பயிற்சி பெற்றவர் அல்ல, "இதற்கென்று தனியாகப் படித்திருக்கிறீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அழகு நிலையத்திலும் மசாஜ் சென்டரிலும் உள்ளே கை வைத்துச் செய்கிற எதற்கும் சம்மதிக்காதீர்கள். கர்ப்பிணிகளும், தொற்று இருப்பவர்களும் டாக்டர் சொல்லாமல் உள்சிகிச்சை செய்துகொள்ளக் கூடாது.

உங்கள் மனசில் ஓடுகிற கேள்விகள்

*எனக்கு சிசேரியன்தானே ஆனது. எனக்கு எப்படி இந்தத் தொல்லை வரும்?*

பத்து மாதம் சுமந்தது இந்தத் தூளிதானே! சுகப்பிரசவத்தைவிட வாய்ப்பு குறைவு என்றாலும், சிசேரியன் ஆனவர்களுக்கும் குழந்தையே பெறாதவர்களுக்கும்கூட வரலாம்.

*கல்யாணம் ஆகாத பெண். உள்ளே பரிசோதிக்க வேண்டுமே?*

கட்டாயம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தும், அடிவயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தும் தசையின் அசைவைக் கவனிக்க முடியும். மூச்சுப் பயிற்சியும் வெளிச் சிகிச்சையுமே பலருக்கு நல்ல தொடக்கம்.

*எழுபது வயசாச்சு. இனிமே என்ன பண்ணி என்ன?*

தசைக்கு வயசாகலாம். ஆனால், பயிற்சிக்குப் பதில் சொல்வதை அது நிறுத்துவதில்லை. மிச்சிகன் ஆய்வில் இருந்தவர்களும் வயதானவர்கள்தான்.

*கணவரிடம் எப்படிச் சொல்வது?*

"உங்கள் மேல் வெறுப்பு இல்லை, எனக்கு அங்கே தசை வலிக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகிறேன், கூட வாருங்கள்." இவ்வளவு போதும். பல வீடுகளில் சண்டையாக மாறியது, இந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால்தான்.

சரி, நம்முடைய மாமியார் மருமகளிடம் திரும்புவோம். ஒருநாள் மத்தியானம் மாமியார் தும்மிவிட்டு, அவசரமாக எழுந்து உள்ளே போகிறார். மருமகள் பின்னாலேயே போய், "அத்தை, எனக்கும் அங்கேதான் பிரச்னை. ரெண்டு பேரும் சேர்ந்தே டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?" என்கிறாள். டாக்டர் இருவரையும் பரிசோதிக்கிறார். மாமியாருக்கு இறுக்கச் சொல்கிறார். மருமகளுக்குத் தளர்த்தச் சொல்லி, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புகிறார்.

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால், "முட்டி வலி" என்ற சாக்கு தேவைப்படாமல் போகலாம்!

உங்கள் வீட்டில் அந்த முதல் வார்த்தையை யார் பேசப்போகிறீர்கள்?